முகம் உள்ளே பார்க்க வேண்டும்

எங்கள் அச்சகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவரின் பணி நிறைவு விழாவில் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் பேசி முடித்தபோது கேசரி ஆறிப்போயிருந்தது. தொடங்கும்போது எதிரே இருபத்திரண்டு தலைகள். முடிக்கும்போது ஒன்பது. அதில் மூன்று என் வீட்டுத் தலைகள். இப்போது தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகள் நல்ல மாதிரி. "மீதியை எழுதிக் குடுத்துருங்க சார், விழா மலர்ல போட்டுருவோம்" என்று சொல்லி மைக்கைப் பக்குவமாக வாங்கிக்கொண்டார்கள்.

அவர்கள் கேட்டது முக்கியமாக ஒரு விஷயம்: பல் டாக்டர் படிப்புக்கு விண்ணப்பிக்க ஒரு பெண்ணுக்கு நான் போட்டோ எடுத்துக் கொடுத்த கதை. அந்தக் கதை சிவகாசியில் பல வடிவங்களில் உலவுகிறது. எனக்குத் தெரிந்து ஐந்து வடிவம். ஒன்றில் என்னைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. இன்னொன்றில் நான் மந்திரி காலில் விழுகிறேன். உண்மை இவற்றைவிடக் கொஞ்சம் கேவலமானது என்பதால் நானே எழுதிவிடுவது நல்லது.

நான் காலண்டர் அச்சகத்தில் டச்சிங் பிரிவில் இருந்தவன். படங்களைத் திருத்துவது என் வேலை. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, பேங்க் பரீட்சை முடிவு வரும்வரை என்று சேர்ந்தேன். முடிவு வந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சின்னப் பிரஷ், கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ், அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜை என்று தொடங்கி, கம்ப்யூட்டரும் மவுசும் வந்த பிறகு அதிலும் தடவித் தடவிக் கற்று, முப்பத்தொரு காலண்டர் சீசன் பார்த்து வெளியே வந்தேன். நான் தொட்ட முகங்களை ஒரு கட்டம்வரை எண்ணிக்கொண்டு வந்தேன். முருகனையும் லட்சுமியையும் தனித்தனிக் கணக்கில் வைப்பதா, ஒவ்வொரு காலண்டருக்கும் புதிதாக எண்ணுவதா என்று குழப்பம் வந்ததும் விட்டுவிட்டேன்.

எனக்கு மேலே இருந்தவர் வைரமணி போர்மேன். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது தப்புச் செய்துவிட்டால் முதலில் லென்ஸை அந்த இடத்தில் வைப்பார். குனிந்து பார்ப்பார். நிமிர்ந்து, தப்புச் செய்தவனுக்கு ஒரு டீ வாங்கி வரச் சொல்லுவார். அவன் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசமாட்டார். எங்கள் பிரிவில் போர்மேன் டீ வாங்கிக் கொடுத்தால் மற்றவர்கள் எல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார்கள்.

சேர்ந்த முதல் சீசனிலேயே எனக்கு டீ கிடைத்தது. ஒரு லட்சுமி படத்தின் பிலிமை நான் புரட்டிப் போட்டுவிட்டேன். பிலிம் கண்ணாடித்தாள் மாதிரி. எந்தப் பக்கம் வைத்தாலும் படம் தெரியும், இடம் வலம்தான் மாறும். அச்சேறுவதற்கு முந்தைய மாதிரித் தாளில் லட்சுமி இடது கையால் ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தாள். போர்மேன் பார்த்தார். டீ வந்தது. குடித்தேன்.

"நல்லாருந்துச்சா?"

"நல்லாருந்துச்சு சார்."

"சாமி ஒனக்கு இடது கையால ஆசீர்வாதம் பண்ணிருக்கு. நீயும் இன்னைக்கு மத்தியானம் இடது கையாலேயே சாப்பிடுலே."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மத்தியானம் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டார். அன்று ரசம். எங்கள் சாப்பாட்டு அறையில் பதினெட்டுப் பேர் கை கழுவக்கூட எழாமல் வேடிக்கை பார்த்தார்கள். சட்டையில் விழுந்த சோற்றுப் பருக்கைகளைக்கூட ஒருவன் எண்ணிச் சொன்னான். அன்று முதல் அவனை எனக்குப் பிடிக்காது, எண்ணுவது என் வேலை என்பதால்.

சாப்பிட்டு முடித்ததும் போர்மேன் சொன்ன பாடம் இது. சாமி படத்தை ஒருநாளும் திருப்பக்கூடாது. மனுசன் படத்தைத் தாராளமாகத் திருப்பலாம், சில நேரம் திருப்பியே ஆக வேண்டும். ஏனென்றால் காலண்டரில் கடை ஆரம்பித்த பெரியவரின் படத்தை ஓர் ஓரத்தில் போடச் சொல்லி ஆர்டர் வரும். அந்தப் பெரியவரின் முகம் உள்பக்கமாக, கடைப் பெயரைப் பார்த்தபடி இருக்க வேண்டும். வெளிப்பக்கம் பார்த்தால் கடைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "எங்க அப்பா என்ன, கடைய விட்டுட்டுப் போறமாரி இருக்காக?" என்று ஒருவர் ஐயாயிரம் காலண்டர் லோடை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆகவே படம் வலது ஓரம் என்றால் முகம் இடப்பக்கம் பார்க்கும். இடது ஓரம் என்றால் வலப்பக்கம். பெரியவர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் சரி, நாங்கள் திருப்பிவிடுவோம். பிறகு சட்டைப் பையை வலது நெஞ்சிலிருந்து இடது நெஞ்சுக்கு மாற்றி வரைவோம். வேட்டிக்கரை, கைக்கடிகாரம், தலை வகிடு எல்லாவற்றையும் சரிபார்க்க ஒரு வரிசை உண்டு. அப்படி நான் இடம் வலம் மாற்றிய பெரியவர்கள் எத்தனையோ பேர். யாரும் கேட்டதில்லை. பெரும்பாலும் அவர்கள் காலமாகியிருப்பார்கள்.

இது எனக்கு மூச்சு விடுகிற மாதிரிப் பழகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட மாப்பிள்ளை முகம் உள்ளே பார்க்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இனி அந்தப் பெண் கதை. டிஜிட்டல் கேமரா எங்கள் ஊருக்கு வந்த புதிது. காலண்டருக்குப் பெரியவர்களைப் படம் எடுக்கவென்று முதலாளி மாடியில் ஒரு சின்ன அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார். இரண்டு குடை விளக்கு, ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் திரை. கேமராவும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. அந்த அறையில் நான்தான் ராஜா. குடிமக்கள் மாதத்துக்கு நாலைந்து பேர்.

காளிராஜ் என்று ஒரு வேன் டிரைவர். காலையிலும் சாயங்காலமும் அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்குவார். நடுவில் எங்கள் அச்சகத்திலிருந்து பட்டாசு லேபிள் கட்டுகளைக் கம்பெனிகளுக்குக் கொண்டுபோவார். அவர் மனைவி பேச்சியம்மா அதே வேனில் போய் அதே கம்பெனியில் மத்தாப்பு வேலை பார்ப்பவர். "டிக்கெட் வாங்காம வர்ற ஒரே ஆளு" என்று அவரைக் கேலி செய்வார் காளிராஜ். அந்த வேனில் யாருமே டிக்கெட் வாங்குவதில்லை.

ஒருநாள் லேபிள் கட்டை ஏற்றிவிட்டு மேலே வந்தார். வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, செல்விக்கு ஒரு போட்டோ எடுக்கணும். பல் டாக்டரு படிப்புக்கு அப்ளிகேசன் போடுதோம். பரீட்சையில நல்ல மார்க்கு. கெடைக்கும்னு டீச்சர் சொல்லுதாக."

"ஸ்டுடியோவுல எடுக்க வேண்டியதுதானப்பா?"

"பரீட்சை ஹால் டிக்கெட்டுக்கு அப்படித்தாண்ணே எடுத்தோம். நீலத் திரையப் போட்டு, கொளத்துக்குள்ள முங்கி எந்திரிச்சவ மாதிரி எடுத்து வச்சிருக்கான். இது காலேஜுக்குப் போறது. நீங்க முதலாளிமாரையே எடுத்தவுக. காலண்டர் மாதிரி பளிச்சுன்னு இருக்கணும்."

இதற்குமேல் ஒரு மனிதனைப் புகழ வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

மூன்று பேரும் வந்தார்கள். முத்துச்செல்வி ஒல்லியான பெண். இரட்டைச் சடை, இடது கன்னத்தில் மூக்குக்குப் பக்கமாக மிளகு அளவுக்கு ஒரு மச்சம். கையில் விண்ணப்பப் புத்தகம். அதில் போட்டோ பற்றி நாலு நிபந்தனை: வெளிர் நிறப் பின்னணி, இரண்டு காதும் தெரிய வேண்டும், கண்ணாடி கூடாது, சமீபத்திய படம். நான் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு ஐந்தாவதாக ஒன்றை நானே சேர்த்துக்கொண்டேன்: அழகாக இருக்க வேண்டும். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஸ்டூலில் உட்கார வைத்தேன். நேராகப் பார்த்தால் போலீஸ் ஸ்டேஷன் படம் மாதிரி இருக்கும் என்பது என் எண்ணம். ஆகவே தோளைக் கொஞ்சம் திருப்பி, முகத்தை அதைவிடக் கொஞ்சம் குறைவாகத் திருப்பி, இரண்டு காதையும் எண்ணிப் பார்த்துக்கொண்டேன். முதல் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினால் கன்னத்தில் நட்சத்திரம் மாதிரிப் புள்ளிகள் மின்னின. பதினோரு புள்ளி. லென்ஸைத் துடைத்தேன். மறுபடி எடுத்தேன். பதினாலு. கேமரா போய்விட்டது, முதலாளியிடம் என்ன சொல்வது என்று வியர்த்துவிட்டது. பார்த்தால் பேச்சியம்மா, நான் குனியும்போதெல்லாம் ஓடிப்போய் மகள் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு வந்துகொண்டிருக்கிறார். மத்தாப்பு வேலையில் புழங்கும் அலுமினியப் பொடி. எத்தனை தடவை துவைத்தாலும் சேலையில் ஒளிந்துகொண்டிருக்கும், நகக்கண்ணில் ஒளிந்துகொண்டிருக்கும். பிளாஷ் வெளிச்சம் பட்டதும் பல்லைக் காட்டிவிடும்.

"அம்மா, நீங்க கொஞ்சம் அங்கன போய் உக்காருங்க."

"மூஞ்சி எண்ணெ வடியுதே சார்."

"வடியட்டும். நீங்க தொடத் தொடப் பொண்ணு தீபாவளி மாதிரி மின்னுது."

செல்வி சிரித்துவிட்டாள். உடனே உதட்டை மூடிக்கொண்டாள்.

"பல் டாக்டருக்குப் படிக்கப் போறவ, பல்லக் காட்டுனா என்ன?" என்றேன்.

"பல்லக் காட்டுனா அப்ளிகேசன வாங்க மாட்டாங்களாம் பெரியப்பா, டீச்சர் சொன்னாங்க."

அவள் அப்பா எனக்கு அண்ணே என்றால் அவளுக்கு நான் பெரியப்பா. அதோடு, "ஒங்களுக்கு மேல்வரிசையில ரெண்டு இல்ல, கீழ ஒண்ணு ஆடுது" என்றாள். உண்மையில் மேல்வரிசையில் மூன்று இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

அவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எடுத்ததில் ஒன்பதாவது படம் நன்றாக இருந்தது. பின்னணியில் திரை மடிப்பை எடுத்தேன். எண்ணெய்ப் பளபளப்பைக் குறைத்தேன். கலைந்த முடி ஏழு, அவற்றை எடுத்தேன். மச்சத்துக்கு வந்தேன். எங்கள் தொழிலில் மச்சம் என்றால் கை தானாகப் போய் அழித்துவிடும். அன்று நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அங்க அடையாளம் ஆயிற்றே! அழிக்காதது மட்டுமில்லை, அதைக் கொஞ்சம் தெளிவாக்கியும் வைத்தேன். எவ்வளவு பொறுப்பான ஆள் நாம் என்று ஓரிரண்டு நிமிடம் என்னை நானே மெச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். போட்டோ ஒட்டும் கட்டம் வலது ஓரத்தில் இருந்தது. பெண்ணின் பெயர் எழுதும் இடம் அதற்கு இடப்பக்கம். என் படத்தில் அவள் வலப்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டினால் பேரையும் மார்க்கையும் விட்டுவிட்டு வெளியே போகிறவள் மாதிரி இருக்கும். மவுஸை ஒரு தட்டு தட்டித் திருப்பினேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. சட்டைப் பை இல்லை, கடிகாரம் இல்லை, வகிடு நடு வகிடு. எங்கள் வரிசைப்படி எல்லாம் சரிபார்த்தேன். அந்த வரிசையில் மச்சம் என்று ஒன்று கிடையாது. மச்சத்தைத்தான் நாங்கள் முதலிலேயே அழித்துவிடுவோமே.

பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். செல்வி வாங்கிப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"அப்படியே நான்தான்! பழைய போட்டோவுல நான் மாதிரியே இருக்காதுப்பா. இதுல அச்சு அசலா இருக்கேன்."

பேச்சியம்மா மட்டும் படத்தை எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"என்னமோ மாதிரி இருக்கு சார். நம்ம செல்வி மாதிரியும் இருக்கு, அவ சித்தி மக மாதிரியும் இருக்கு."

"வெளிச்சம் ரெண்டு பக்கத்துலயும் சமமா விழுந்தா அப்படித்தான் இருக்கும்மா" என்று தொடங்கி, குடை விளக்கு வெளிச்சத்தை எப்படிப் பரப்புகிறது என்பதை அந்த அம்மாவுக்கு விளக்கினேன். வெகுநேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சார், நீங்க படிச்சவுக" என்றார்.

விண்ணப்பம் போயிற்று. பள்ளிக்கூடத்தில் அந்தப் போட்டோவைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவரும் கவனிக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஒரு சின்ன ஆறுதல்.

கலந்தாய்வுக்கு வரச் சொல்லிச் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. காளிராஜ் என்னையும் கூப்பிட்டார். "இங்கிலீசுல எதாச்சும் கேட்டா நீங்க சொல்லிருவீக அண்ணே." நானும் என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, அந்தப் போட்டோ உள்ள சிடியையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். சிடி எதற்கு என்று கேட்காதீர்கள். யாராவது அதிகாரி "இந்தப் படத்தை எடுத்தது யார்?" என்று கேட்கக்கூடும் என்று ஒரு நினைப்பு. கேட்கத்தான் செய்தார்கள்.

பெரிய மண்டபம். நாற்காலிகளை வரிசைக்குப் பதினைந்தாகப் போட்டிருந்தார்கள். முன்னால் ஒரு கரும்பலகை. கல்லூரிப் பெயர்கள் கீழாகவும் இட ஒதுக்கீட்டுப் பிரிவுகள் குறுக்காகவும் கட்டம் போட்டு, மீதி இடங்களை எழுதியிருந்தார்கள். உள்ளே ஒருவர் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டால் ஓர் ஆள் வந்து டஸ்டரால் அழித்துவிட்டு ஒன்று குறைத்து எழுதுவார். மொத்தப் பலகையில் செல்விக்கு வேண்டியது ஒரே ஒரு கட்டம்: அரசுப் பல் மருத்துவக் கல்லூரி, அவள் பிரிவு. தனியார் கல்லூரி என்றால் காளிராஜ் வேனை விற்றாலும் பத்தாது, வேனும் அவருடையதில்லை. அந்தக் கட்டத்தில் மூன்று என்று எழுதியிருந்தது.

உள்ளே போவதற்கு முன்னால் சான்றிதழ் சரிபார்க்கும் மேஜை. கண்ணாடி போட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தைப் பார்த்தார், நுழைவுத்தேர்வு ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். மூன்றாவது சுற்றும் போனார்.

"மச்சம் எந்தக் கன்னத்துலம்மா?"

"இதுல மேடம்." செல்வி இடது கன்னத்தைத் தொட்டாள்.

"ஹால் டிக்கெட்டுலயும் அங்கதான் இருக்கு. சர்டிபிகேட்லயும் இடது கன்னம்னுதான் போட்டிருக்கு. அப்ப அப்ளிகேஷன்ல இருக்கறது யாரு?"

விண்ணப்பத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். வலது கன்னத்தில் மச்சம். அதுவும் நான் தெளிவாக்கி வைத்த மச்சம். மண்டபத்தின் கடைசி நாற்காலியிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

"மேடம், காலண்டர்ல என்ன வழக்கம்னா..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க யாரு?"

"போட்டோ எடுத்தவன்."

"காலண்டருக்கா?"

"இல்ல மேடம், இதுக்குத்தான். ஆனா காலண்டர்ல முகம் உள்ளே பார்க்கணும்..."

"சார், ஒருத்தர் பரீட்சை எழுதி இன்னொருத்தர் சேர வர்றதெல்லாம் நாங்க பாத்திருக்கோம். இது போலீஸ் விஷயம் தெரியுமா?"

காளிராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேச்சியம்மா பார்க்கவே இல்லை; அதுதான் பெரிய அடி. நான் பையைத் திறந்து சிடியை எடுத்து நீட்டினேன். அந்த அம்மா அதை ஏதோ தின்பண்டம் மாதிரிப் பார்த்தார். மேஜையில் கம்ப்யூட்டரே இல்லை.

செல்விதான் பேசினாள்.

"மேடம், கண்ணாடியில பாத்தா நான் இப்படித்தான் இருப்பேன். அதனாலதான் எனக்கும் வித்தியாசம் தெரியல. தெனமும் இந்த மூஞ்சியத்தான பாக்கேன்."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் செங்குத்தாகப் பிடித்தார். கண்ணாடியில் தெரிந்த படத்தையும் எதிரே நின்றவளையும் பார்த்தார். மச்சம் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. "சரி, புரியுது" என்றார். நான் கும்பிடப் போனேன்.

"இருங்க. எனக்குப் புரிஞ்சா போதாது. கண்ணாடியில இருக்கற பொண்ணுக்கு நான் சீட் குடுக்க முடியாது. நேரான போட்டோ ஒண்ணு கொண்டு வாங்க, மாத்தி ஒட்டிக் கையெழுத்துப் போடறேன். இவ நம்பர் கூப்பிடறதுக்குள்ள வந்தாகணும். கூப்பிட்டு ஆள் இல்லன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும்."

பலகையைப் பார்த்தேன். இன்னும் மூன்று. செல்விக்கு முன்னால் எட்டுப் பேர்.

பேச்சியம்மாவைப் பலகைக்கு நேரே உட்கார வைத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் ஓடினோம். ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஜெராக்ஸ் கடையோடு சேர்த்து உடனடி போட்டோ கடை. வரிசையில் ஐந்து பேர். ஐந்து பேரிடமும் தனித்தனியாகக் கெஞ்சினேன். நாலு பேர் வழிவிட்டார்கள். ஐந்தாவது ஆள், "நாங்களும் அங்கதான் சார் ஓடணும்" என்றார். அது நியாயம்தான் என்பதால் எனக்குக் கோபம் வந்தது.

கடைக்காரப் பையன் செல்வியைச் சுவரில் சாய்த்து நேரே ஒரு பிளாஷ் அடித்தான். குடை இல்லை, ஸ்டூல் இல்லை, தோளைத் திருப்பவில்லை. படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். நான் அவன் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் கலர் பண்ணிரட்டா சார்?"

"வேண்டாம்."

"மச்சத்தத் தூக்கிரவா? அதுக்குத் தனியா காசு இல்ல."

"தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர் தாளைக் கோணலாக வைத்துவிட்டார். "எதையும் தொடாத. அழிக்காத, திருப்பாத, அழகு பண்ணாத. எடுத்தது எடுத்தபடி போடு."

"இன்னாத்துக்கு சார் டென்ஷனாவுற? நீ போட்டோ லைனா?"

காளிராஜ் பக்கத்தில் நிற்கிறார். செல்வி நிற்கிறாள். முப்பது வருடத் தொழில். நான், "இல்லப்பா, ரிடயர்டு வாத்தியார்" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றான் அவன்.

படம் வந்தது. செல்வியின் இடது கன்னம் என்றால் படத்தில் எனக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? படத்தை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். நான் திரும்பி நின்று பார்த்தேன். என் இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். எத்தனையோ முகங்களைத் திருப்பியவனுக்கு, திருப்பாத ஒரு முகம் சரியாக இருக்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை.

"சரியாத்தான் இருக்கு பெரியப்பா, வாங்க" என்று செல்வி படத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். காளிராஜும் ஓடினார். நான் கடைசியில் ஓடினேன், சிடியோடு.

மண்டபத்துக்குள் நுழையும்போதே பேச்சியம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"எங்கன போய்த் தொலைஞ்சீக? மூணு இருந்துச்சு, ஒரு புள்ள போச்சு, ரெண்டாச்சு. இப்ப ஒரு பய போனான், அதும் போச்சு. ஒண்ணுதான் இருக்கு. ஒரு தடவ இவ பேரக் கூப்பிட்டாக. வாரா, வாரா, ஒண்ணுக்குப் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன்."

கண்ணாடிக்கார அம்மா படத்தை வாங்கினார். செல்வியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். என் படத்தின் மேலேயே புதியதை ஒட்டி, இரண்டு ஓரத்திலும் படும்படி கையெழுத்துப் போட்டார். நான் அவ்வளவு பாடுபட்ட படம் பசைக்கு அடியில் போனதை நின்று பார்த்தேன். "போம்மா, ஓடு" என்றார். செல்வியும் காளிராஜும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. எங்களுக்கு முன்னால் உள்ளே போன இரண்டு பேர் இன்னும் வெளியே வரவில்லை.

டஸ்டர்காரர் வந்தார். எங்கள் கட்டத்துக்குப் போனார். ஒன்றை அழித்தார். பூஜ்யம் போட்டார்.

பேச்சியம்மா என் கையைப் பிடித்தார். அந்த அம்மா என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"சார், அது நம்ம புள்ளையா, முன்னால போன புள்ளையா?"

எதையும் எண்ணிச் சொல்லிவிடுகிறவன் நான். இது எண்ணிப் பிடிக்கிற கணக்கில்லை. முன்னால் போன இரண்டு பேரில் ஒருத்தி எங்கள் பிரிவாகவும் இருக்கலாம். கதவைப் பார்த்தோம். ஒருவர் வெளியே வந்தார், மகனோடு. முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அடுத்து ஒரு பெண், அவள் அம்மாவோடு. அந்தப் பெண் சிரித்துக்கொண்டு வந்தாள். பேச்சியம்மாவின் பிடி தளர்ந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் நின்றிருப்பேன். நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கடைசியாகக் காளிராஜ் வந்தார். சட்டை மேல் பொத்தான் கழன்றிருந்தது. மனைவியிடம் ஒரு தாளை நீட்டினார். பின்னால் வந்த செல்விதான், "கெடச்சிருச்சும்மா" என்றாள். "முன்னால போன அக்கா வேற காலேஜ் எடுத்துட்டாங்க."

பேச்சியம்மா அழுதார். காளிராஜும் அழுதார். எனக்கும் கண் கலங்கியது. எங்களுக்கு நாலு நாற்காலி தள்ளி ஒருவர், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பலகையில் அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையிலும் ஒரு கோப்பு. நாங்கள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

வாசலில் செல்வி தாளை முழுக்க வாசித்தாள். கல்லூரியில் சேரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று இருந்தது. "இப்ப ஒட்டுன போட்டோவுலயே இன்னும் ஆறு காப்பி வேணுமாம்" என்றாள்.

"அதுக்கென்ன, ஊருக்குப் போனதும் நானே..." என்று நான் வாயெடுத்தேன்.

"வேணாம் பெரியப்பா" என்றாள் செல்வி வேகமாக. பிறகு மரியாதை ஞாபகம் வந்து, "ஒங்களுக்கு எதுக்குச் செரமம்? நீங்க அப்பாவோட இங்கன நெழல்ல நில்லுங்க. நானும் அம்மாவும் எதுத்த கடையிலேயே போட்டுட்டு வந்துர்றோம்."

இரண்டு பேரும் ரோட்டைக் கடந்து போனார்கள். காளிராஜ் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்கள். பேச்சியம்மா கையில் ஒரு சின்ன உறை. எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கலாமே என்று கையை நீட்டினேன்.

பேச்சியம்மா உறையை இடுப்பில் செருகி, மேலே முந்தானையையும் இழுத்துச் சுற்றிக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு சார், வாங்க" என்றார்.